பதினெட்டாவது பந்துக்குப் பிறகு

என் மகன் பேஸ்போல் ஆட்டத்தில் பந்து எறிபவன். முதலில் எறிபவன் அல்ல, இடையில் வருபவன். இந்த ஒரு விடயத்தைச் சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்தவே எனக்குச் சில வருடங்கள் போயின. தொடக்கத்தில் எறிபவர் நாலைந்து சுற்று எறிந்ததும் களைத்துவிடுவார், அல்லது அடி வாங்கத் தொடங்குவார். அப்போது மைதானத்தின் ஓரத்தில், ஒரு வேலிக்குப் பின்னால் நின்று கையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும் ஒருவனைக் கூப்பிடுவார்கள். அவன் வந்து, மற்றவர் விட்டுப்போன சிக்கலுக்குள் நின்று ஒரு சுற்று எறிவான். சில வேளை இரண்டு. சில நாட்களில் கூப்பிடவே மாட்டார்கள்; ஆட்டம் முடியும்வரை ஓரத்து நீள இருக்கையில், அந்த வாங்கில், இருக்கவேண்டியதுதான்.

"மச்சான், உவன் விடிஞ்சதில இருந்து வாங்கில இருந்து சூரியகாந்தி விதையெல்லோ சப்பிறான்," என்றார் மனைவியின் தமையன், ஒரே ஒரு முறை ஆட்டம் பார்க்க வந்த அன்று. "உதுக்கு யூனிபோர்ம் வேற."

அன்று நானும் சிரித்தேன். அவனை ஏன் முதலில் எறிய விடுவதில்லை என்று எனக்குள்ளும் ஒரு குறை இருந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்குப் புதுப் பந்தைக் கையில் வாங்குபவன்தான் பந்துவீச்சாளன். மற்றவர்கள் எல்லாரும் பிறகு வருபவர்கள். இப்போது அப்படி நினைப்பதில்லை. மூன்று பேர் களத்தில் ஓடத் தயாராக நிற்க, எல்லாக் கண்களும் தன்மேல் இருக்க, குளிர்ந்த நெஞ்சோடு நடந்து வருவதற்கு வேறு மாதிரியான ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளை என் வீட்டில் இருந்ததை நான் தாமதமாகவே கண்டுகொண்டேன். அதற்குள் அவனுடைய கையை நானே கெடுத்திருந்தேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அப்போது அவனுக்குப் பதினேழு வயது.

ஊரில் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்கும் ரொறன்ரோவில் ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. சங்கம் என்றால் ஒரு நிர்வாகக் குழு, வருடத்துக்கு ஒரு இராப்போசனம், கோடையில் ஒரு கிரிக்கெட் சுற்றுப்போட்டி. பழைய மாணவர்களுக்கு இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டதால் அவர்களுடைய பிள்ளைகளும் ஆடலாம் என்று விதியை மாற்றியிருந்தார்கள். நான் படித்த காலத்தில் பள்ளிக்கூட அணியில் எனக்கு ஒருநாளும் இடம் கிடைத்ததில்லை. கையெழுத்து அழகு என்று ஓட்டக் கணக்கு எழுத விட்டார்கள். நாலு வருடம் மேசையில் இருந்து மற்றவர்களின் ஓட்டங்களை எழுதினேன். இதைச் சொல்லாமல் அன்றைய நாளைச் சொல்ல முடியாது.

முந்திய நாள் சனிக்கிழமை அவன் தன் அணிக்காக முப்பத்தெட்டுப் பந்து எறிந்திருந்தான். அவ்வளவு எறிந்தால் அடுத்த இரண்டு நாள் ஒன்றும் எறியக்கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் அது இருந்தது. ஒட்டியவனே நான்தான். மருந்துக் கம்பனி ஒன்றில் தரப் பரிசோதனை செய்பவன் நான். எதற்கும் ஒரு தாள், தாளுக்கு ஒரு கையெழுத்து என்று வாழ்பவன்.

ஞாயிறு காலை சங்கச் செயலாளர் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, எங்களுக்கு ஒராள் குறையுது. உங்கட பொடியனை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். சும்மா நிண்டாக் காணும்."

நான் அவனுடைய அறைக் கதவைத் தட்டினேன்.

"அப்பா, நேற்று எறிஞ்சனான்," என்றான், போர்வைக்குள் இருந்தபடியே.

"எறியத் தேவையில்லை ராசா. சும்மா நிக்கத்தான். அங்கிள் கேக்கிறார்."

போர்வையை விலக்கி என்னைப் பார்த்தான். பிறகு "ஓகே" என்று எழும்பினான். அந்த நிமிடத்தைப் பிற்பாடு எத்தனையோ தரம் திருப்பிப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களிடம் ஒன்றை மறுப்பதென்றால் கையில் ஒரு காரணம் இருக்கவேண்டும். காய்ச்சல், பள்ளிக்கூடச் சோதனை, செத்தவீடு. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாதவன் எழும்பித்தான் போகவேண்டும். கனடாவில் பிறந்த பிள்ளைக்கும் அதை நாங்கள் பிழையில்லாமல் பழக்கி வைத்திருந்தோம்.

ஸ்காபரோவில் ஒரு பூங்கா மைதானம். அவனை எல்லைக்கோட்டில் நிறுத்தினார்கள். எதிரணி இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடியபோது பந்து அவனிடம் போனது. எடுத்து எறிந்தான். அது வளைந்து உயரப் போகவில்லை. கயிறு கட்டி இழுத்ததுபோல நேரே வந்து விக்கெட்டைச் சாய்த்தது. மைதானம் முழுக்க ஒரே கூச்சல்.

"எடேய், உது ஆற்ற பொடியன்?"

"என்ர," என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல முப்பத்தைந்து வருடம் காத்திருந்தவன்போலச் சொன்னேன்.

அதோடு நின்றிருக்கலாம். அணித்தலைவர் அவனைப் பந்து அதிகம் போகும் பக்கத்துக்கு மாற்றினார். "தம்பி, உங்கால வந்து நில்லு. இன்னொண்டு போட்டுக் காட்டு இவங்களுக்கு." அவன் காட்டினான். இன்னும் நாலு தரமோ ஐந்து தரமோ. கடைசி எறிக்குப் பிறகு கையை உதறினான், தண்ணீரை உதறுவதுபோல. நான் அதைக் கண்டேன். கண்டுகொண்டே கைதட்டினேன்.

வீட்டுக்கு வரும்போது குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலை முழங்கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன?"

"நத்திங், அப்பா."

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் அவன் இடக்கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டான். தாய் ஒரு வாய் பார்த்தாள், இரண்டு வாய் பார்த்தாள். "என்ன, சோத்துக்கைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். அவன் நிமிராமல் என்னைப் பார்த்தான். நான் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

முழங்கையின் உட்பக்கத்தில், மேல்கை எலும்பையும் கீழ்க்கை எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் நார் ஒன்று இருக்கிறது. அது கிழிந்திருந்தது. படம் பார்த்துச் சொன்ன சத்திரசிகிச்சை நிபுணர், மணிக்கட்டிலிருந்து வேறொரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு அந்த இடத்தில் கட்டலாம் என்றார். பெருவிரலையும் சின்னவிரலையும் சேர்த்துக் கையை மடக்கச் சொன்னார். மகனுடைய மணிக்கட்டின் நடுவில் நூல்போல ஒன்று எழும்பியது. அதுதானாம். சிலருக்கு அது இருக்காது என்றும் சொன்னார். நான் மேசைக்குக் கீழே என் கையை மடக்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் எழும்பவில்லை. தாயிடமிருந்து வந்த நார்.

எறிகிற விளையாட்டு வேறு ஏதும் உண்டா என்று நிபுணர் கேட்டார். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். நாள் முழுவதும் மற்றவர்களின் தாள்களில் விடுபட்டதைத் தேடிப் பிடிக்கிற மனுசன் நான்.

மகன்தான் சொன்னான், ஆங்கிலத்தில், ஒருமுறை கொஞ்சம் கிரிக்கெட் என்று.

அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு நாளில் இப்படி வராது, பல மாதமாக நைந்திருக்கும் என்றார். வெளியே வந்ததும் மனைவி என் முழங்கையைத் தொட்டு, "கேட்டனீங்கள்தானே?" என்றாள். கேட்டேன். ஆனால் நைந்த ஒன்று அறுவதற்கு ஒரு கடைசி இழுவை வேண்டும். அந்த இழுவைக்குக் கைதட்டியவன் நான். இன்று வரைக்கும் வேலையில் யாராவது கையை உதறினால் கையிலுள்ள தாளை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன்.

சத்திரசிகிச்சை முடிந்து ஒரு கிழமையில் சங்கத்தார் மூவர் பார்க்க வந்தார்கள். ஒரு குலை முந்திரிகைப் பழம், ஒரு டின் நெஸ்ரமோல்ற் சத்துமா. மகன் கையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் மரியாதையாக இருந்தான்.

"அந்த எறி, தம்பி!" என்றார் அணித்தலைவர், என் கதிரையில் இருந்துகொண்டு. "இண்டைக்கும் கதைக்கினம். நேரா விக்கெட்டில."

"தாங்ஸ், அங்கிள்."

"அடுத்த முறைக்குக் கை சரியாகிடும்தானே?"

மனைவி தேத்தண்ணித் தட்டை மேசையில் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். "அடுத்த முறையோ?" என்றாள். "முதல்ல அவன் தன்ர சோத்தைத் தானே குழைச்சுச் சாப்பிடட்டும், அண்ணை." மூவரும் தேத்தண்ணியைச் சுடச்சுடக் குடித்து முடித்தார்கள். அந்த எறியோடுதான் கை போனதென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பிறகு மாதக்கணக்கு. கையை நீட்ட ஆறு கிழமை. துவாயைப் பிழிய அதற்குப் பிறகும் கொஞ்ச நாள். குளிர்காலம் முழுவதும் மார்க்கம் நகரில் ஒரு பிசியோ நிலையத்துக்குக் கிழமைக்கு இரண்டு தரம் அவனை ஏற்றிப் போனேன். பழைய கார், பனி, பின் இருக்கையில் கைப்பயிற்சிக்கான இறப்பர்ப் பட்டிகள். போன வருட இலைதுளிர் காலத்தில் பந்தைத் தொட விட்டார்கள். நாற்பத்தைந்து அடி தூரத்தில் இருந்து இருபத்தைந்து எறி, ஒருநாள் விட்டு ஒருநாள். எதிரே நின்று பிடிக்க ஒராள் வேண்டும். நான் போனேன்.

பேஸ்போல் கையுறையை நான் அதற்கு முன் போட்டதில்லை. முதல் பந்து வந்ததும் பழக்கதோசத்தில் மற்றக் கையையும் கொண்டுபோனேன். விரல் வீங்கியது. இரண்டாவது பந்து நெஞ்சில்.

"அப்பா, க்ளவ்வுக்குள்ள பிடியுங்கோ! க்ளவ் எதுக்குத் தந்திருக்கு?"

"நீ மெல்ல எறி!"

"இதுதான் மெல்ல!"

அயல்வீட்டுச் சீனப் பெண்மணி சன்னலால் பார்த்துச் சிரித்ததை இருவரும் கண்டோம். அவனும் சிரித்தான். அந்த வருடத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தரம்.

இருபத்தைந்து என்றால் இருபத்தைந்துதான். நான் எண்ணுவேன், அவனும் எண்ணுவான். ஒருநாள் பூங்காப் புல்வெளியில் பந்து மிக நன்றாக வந்துகொண்டிருந்தது, வெயிலும் நன்றாக இருந்தது. "இன்னும் அஞ்சு போடு, நல்லாத்தானே வருது," என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.  அவன் பந்தைக் கையுறைக்குள் வைத்து, கையுறையைப் பைக்குள் வைத்து, காரில் போய் ஏறிவிட்டான். நான் அந்தப் புல்லில் நின்றுகொண்டிருந்தேன், நெஞ்சில் பந்து பட்ட இடத்தைத் தடவியபடி.

இந்த வருடம் மே மாதக் கடைசி ஞாயிறு அவனுக்கு முதல் ஆட்டம். நகரத்து இளைஞர் அணி ஒன்று அவனை எடுத்திருந்தது. ஒரு சுற்று, கூடினால் இருபத்தைந்து பந்து, அதற்கு மேல் இல்லை என்று பயிற்றுநர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதையும் கூப்பிட்டால்தான். கூப்பிடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது.

மனைவி வரவில்லை. "நீங்கள் ஒராள் நடுங்கினாக் காணும்," என்றாள். நான் மூன்றாவது படிக்கட்டில் இருந்தேன். ஐந்து சுற்று முடிந்தது, ஆறு முடிந்தது. எங்கள் அணி ஒரு ஓட்டம் முன்னுக்கு நின்றது. தூரத்து வேலிக்குப் பின்னால் அவன் எழும்பி எறியத் தொடங்குவதைக் கண்டேன். அவ்வளவு தூரத்திலும் அவனுடைய தோளை எனக்குத் தெரியும்.

ஏழாவது சுற்றுக்கு அவனைக் கூப்பிட்டார்கள். ஓடி வராமல் நடந்து வந்தான். மேட்டில் ஏறி, காலால் மண்ணைத் தட்டி, தொப்பியைச் சரிசெய்தான்.

முதலாவது ஆட்டக்காரனுக்கு எறிந்த பந்துகள் வெளியே வெளியே போயின. நாலு பிழையான பந்து எறிந்தால் ஆட்டக்காரன் அடிக்காமலே முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேரவேண்டிய முதல் தரிப்புக்கு, நடந்துபோகலாம். ஆறாவது பந்தில் நடந்து போனான். என் பக்கத்தில் இருந்த ஒரு தகப்பன் பெருமூச்சு விட்டார். நான் மூச்சே விடவில்லை. இரண்டாவது ஆட்டக்காரன் நிலத்தோடு உருட்டி அடித்தான். எங்கள் பிள்ளைகள் அதைப் பொறுக்கி, முன்னர் நடந்துபோனவனை அடுத்த பேஸில் வெளியேற்றினார்கள். மூன்றாவது ஆள் உயரத்தில் அடித்தான். பிடி. அதுவரைக்கும் பதினொரு பந்து.

நாலாவது ஆட்டக்காரன் பெரிய பொடியன். ஆறு பந்து நின்று பிடித்தான், ஒவ்வொன்றையும் வேலிப்பக்கமாகத் தட்டித் தட்டிவிட்டான். ஏழாவது பந்து நேரே வருவதுபோல வந்து கடைசியில் கீழே விழுந்தது. மட்டை காற்றைத்தான் அடித்தது, மூன்றாவது ஆளும் வெளியே, சுற்று முடிந்தது.

மொத்தம் பதினெட்டு. நான் எழும்பி நின்றேன். கைதட்டப் போன கையைத் தட்டாமல் பிடித்துக்கொண்டேன். அவன் நடந்து வரும் விதத்தை முதலில் பார்க்கவேண்டியிருந்தது. கையை உதறவில்லை.

அவன் வாங்கில் போய் இருந்தான். எங்கள் அணி அடித்து முடிந்து, எட்டாவது சுற்றுத் தொடங்கும் நேரம் பயிற்றுநர் அவனுக்கு முன்னால் குனிந்து ஏதோ கேட்டார். ஏழு விரல் காட்டினார். ஒரு சுற்று முடிந்தாலும் இன்னும் ஏழு பந்து மிச்சம், அடுத்தவனை ஒருக்காப் பார்த்துவிட்டு வா என்கிறார் என்று விளங்கியது. மகன் தலையை இல்லை என்று ஆட்டினான். அவர் மறுபடி ஏதோ சொன்னார். மறுபடி இல்லை என்றான்.

எனக்குக் கால் தானாக இறங்கியது. பெற்றோர் வீரர்களின் வாங்குப்பக்கம் போகக்கூடாது. போனேன். கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, நோகுதோ? எங்க நோகுது? அதே இடமோ?"

அவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் கோபமும் வெட்கமும். "அப்பா, வட் ஆர் யூ டூயிங்? எல்லாரும் பாக்கினம்."

"நோகுதோ எண்டு சொல்லு."

"நோகேல்லை."

"பின்னை ஏன் ஏலாது எண்டனி?"

"ஏலாது எண்டு சொல்லேல்லை. காணும் எண்டு சொன்னனான்." கையுறையைக் கழற்றி மடியில் வைத்தான். "கடைசி மூண்டு பந்துக்கும் களைப்பில கை கொஞ்சம் கீழ இறங்கினது. வெளியில தெரியாது. எனக்குத் தெரியும். ஐ ஆம் டன் ஃபோர் டுடே. போய் இருங்கோ அப்பா, ப்ளீஸ்."

பயிற்றுநர் அதற்குள் வேறொருவனைக் கூப்பிட்டுவிட்டார். அவருடைய முகத்தில் ஒரு ஏமாற்றம் இருந்தது, அதை அவர் ஒளிக்கவும் இல்லை. நான் படிக்கட்டுக்குத் திரும்பினேன்; அந்தச் சுற்றில் எதிரணி இரண்டு ஓட்டம் எடுத்தது. பெருமூச்சு விட்ட தகப்பன் என் பக்கம் திரும்பி, உங்கள் மகனுக்கு ஏதும் காயமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் ஏன் என்பதுபோல அவர் பார்த்தார். 

அங்கே இருந்துகொண்டு அவனைப் பார்த்தேன். தனக்குப் பிறகு வந்தவன் அடி வாங்கும்போது அவன் கம்பியில் சாய்ந்து நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தான். ஒளிந்துகொள்ளவில்லை. வாங்கில் குனிந்து இருக்கவும் இல்லை. காய்ச்சல் இல்லை, சோதனை இல்லை, கையில் நோவும் இல்லை. ஆட்டம் கையைவிட்டுப் போகும் என்று தெரிந்தும், ஒரு பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்து, காணும், இவ்வளவும் போதும் என்று சொல்லியிருந்தான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்படி ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. அந்த ஏழாவது பந்தை எத்தனையோ பேர் கொண்டாடினார்கள். எறியாமல் விட்ட ஏழு பந்தைப் பற்றிப் பெருமைப்பட அந்த மைதானத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். அப்போதுதான் தட்டினேன். எதிரணி ஓட்டம் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. பக்கத்துத் தகப்பன் இருக்கையில் கொஞ்சம் தள்ளி இருந்தார்.

தோற்றோம்.

வரும் வழியில் பசிக்குது என்றான். கொத்துரொட்டி வாங்கினோம். காரில் இருந்தே சாப்பிட்டான், வலக்கையால்.

"அம்மாவுக்கு நீங்கள் கம்பியில தொங்கினதைச் சொல்லப்போறன்," என்றான்.

"சொல்லு."

"குரங்கு மாதிரி."

"சரி, சொல்லு."

அதற்குப் பிறகு நான் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "அண்டைக்குக் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டது... அது என்ர பிழை, தம்பி. டொக்டர் கேக்கேக்க சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை."

அவன் மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்தான். "ஓம்," என்றான். "உங்கட பிழையும்தான். என்ர பிழையும்தான். எனக்கு அந்த எறி பிடிச்சிருந்தது, அப்பா." பிறகு, "நல்ல எறி, என்ன?" என்றான்.

"நல்ல எறி," என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது.

ஆட்டத்தன்று கை எப்படியிருக்கிறது என்பது பெரிய விடயமல்ல, அடுத்த நாள் காலைதான் உண்மையைச் சொல்லும் என்று பிசியோ சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஆறு மணிக்கே நானும் மனைவியும் குசினியில் இருந்தோம். அவள் ஏற்கெனவே கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவினாள். நான் வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்தும் போட்டு, போகாமல் நின்றேன். எட்டு மணிக்குப் படியால் இறங்கி வந்தான். எங்கள் இருவரையும் பார்த்தான். மேல் தட்டுக்கு வலக்கையை உயர்த்திக் காலையுணவுத் தானியப் பெட்டியை எடுத்தான்.

"கேளுங்கோ," என்றான்.

"என்னத்தை?" என்றாள் தாய்.

"நோகுதோ எண்டு. ரெண்டு பேரும் கேளுங்கோ, முடியட்டும்."

"நோகுதோ?"

"தோளில கொஞ்சம். முழங்கையில ஒண்டுமில்லை." பாலை ஊற்றினான். "அப்பா, நீங்கள் லேட்."